குழாய்க்குள் ஒரு கோடு

என் எழுதும் மேசையின் மேல் ஒரு சாண் நீளத்தில் இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று கிடக்கிறது. ஒரு முனையில் மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தவர்கள் பலர் உண்டு. உள்ளே விரலை விட்டுப் பார்த்தவர் என்னைத் தவிர ஒருவர்தான். அந்த ஒருவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். இத்தனை வருடம் தள்ளிப்போட்டதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

ஓசூரில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், பெங்களூரிலிருந்து வந்த ஒரு முதலாளி அங்கே ஒரு கொட்டகை போட்டுப் பந்தயக் கார்கள் செய்தார். சுற்றிலும் இருந்த ஆலைகள் ஆயிரக்கணக்கில் உருப்படிகளைச் செய்து தள்ளிக்கொண்டிருந்தன. நடுவில் நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து வருடத்துக்கு இரண்டோ மூன்றோ வண்டிகள் செய்தோம். ஓர் ஆள் மட்டும் உட்காரும் வண்டி. தரையோடு தரையாகக் கிடக்கும். குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்த கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, பின்னால் ஒரு எஞ்சின், அவ்வளவுதான். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் அவை ஓடும். எல்லாமாகப் பதினேழு வண்டிகள். பதினேழுக்கும் போன ஒவ்வொரு ஆணியும் என் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. நான் அங்கே ஸ்டோர் கீப்பர்.

குழாய்களைப் பற்றவைத்தவர் காவேரிப்பட்டினத்துப் பக்கத்துக்காரர். தென்பெண்ணைக் கரையில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அவர்கள் வீட்டிலிருந்து ஆலை வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை வெல்டரண்ணா என்று கூப்பிடுவேன். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து போனவன், என் பேச்சு அவருக்கு ஒரே வேடிக்கை. "உங்க ஊர்ல கொழந்த பொறந்தா மொதல்ல நோட்டுல எழுதிட்டுத்தான் தொட்டில்ல போடுவீங்களா?" என்பார். என் பெயரை அவர் சொன்னதே இல்லை. அவருக்கு நான் ஸ்டோரு. "ஸ்டோரு சொன்னா சொன்னதுதான்" என்று மற்றவர்களிடம் அவர் சொன்னதை நானே காதால் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு அன்று முழுவதும் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் இரண்டு வகைக் குழாய்கள் இருந்தன. ஒன்று முழு இரும்பிலிருந்து இழுத்துச் செய்தது, எங்கும் இணைப்பே இருக்காது. அதை சீம்லெஸ் என்போம். மற்றது தகட்டைச் சுருட்டி ஓரங்களை ஒட்டிச் செய்தது. ஸ்டூல், மேசை, வண்டியை நிறுத்தும் தாங்கி, இவற்றுக்கு மட்டும்தான் அது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒட்டிய குழாய்க்கு உள்பக்கம் மட்டும் தலைமுடி தடிமனில் நீளமாக ஒரு கோடு மேடிட்டு ஓடும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதனால்தான் சரக்கு வந்து இறங்கியதும் சீம்லெஸ் குழாயின் ஒரு முனையில் மஞ்சளும் மற்றதில் சிவப்பும் அடித்துவிடுவேன். அறுக்கும்போது நிறம் இல்லாத முனையிலிருந்துதான் அறுக்க வேண்டும், கடைசித் துண்டு வரைக்கும் நிறம் அதோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவனும் நான்தான்.

பதினான்காவது வண்டியை ஓட்டியவன் பெங்களூர்ப் பையன், இருபத்து நாலு வயது. பாகலூர்ச் சாலையில் காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் முதலில் முதலாளியிடம் போக மாட்டான், வெல்டரண்ணாவிடம் வந்து அவர் கரிக்கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் தலைக்கவசத்தைக் கழற்றுவான். அந்த வருடப் பந்தயத்தில், நேர்ப் பாதையின் முடிவில், முன்சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்தும் குழாய்க் கை ஒடிந்துபோனது. வண்டி உருண்டது. அவன் ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லை.

உடைந்த வண்டி தார்ப்பாய் மூடி லாரியில் வந்து சேர்ந்தது. எல்லோரும் கொட்டகை வாசலில் நின்றோம். முதலாளி நேராகப் போய் அந்த ஒடிந்த கையைக் கழற்றி எடுத்து வந்து வெல்டரண்ணாவின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தார். "நோடு, நின்ன கெலசா" என்றார், உன் வேலையைப் பார் என்று. குரல்கூட உயரவில்லை. பற்றவைத்த இடத்துக்கு ஒரு விரல்கடை தள்ளி இரும்பு கிழிந்து பிளந்திருந்தது. வெல்டுக்குப் பக்கத்தில் போனால் வெல்டுதான் என்று எல்லோருமே நினைத்தோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லீங்க சார், வெல்டு புடிச்சிட்டுத்தான் இருக்குது" என்று ஒரே ஒரு முறை சொன்னார். முதலாளி அதற்குள் உள்ளே போய்விட்டார். வெல்டரண்ணா எங்கள் முகங்களைப் பார்த்தார். நான் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தேன். அந்தக் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்க்க எங்கள் பதினோரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எங்கேயும் அவர் பற்றவைப்புக் கருவியைக் கையில் எடுக்கவில்லை. அந்தச் செய்தி அவருக்கு முன்னால் அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. பையனைக் கொன்ற வெல்டர் என்று மாந்தோப்பில் கூலிக்கு வந்தவர்கள்கூடப் பேசிக்கொண்டார்களாம். முதலாளி மேலும் மூன்று வண்டிகள் செய்தார், மனசில்லாமல் செய்தார். பிறகு கொட்டகையைப் பூட்டிவிட்டுப் பெங்களூருக்கே போய்விட்டார். நாங்கள் ஆளுக்கொரு ஆலையாகச் சிதறினோம்.

இருபது வருடத்துக்குமேல் கழித்து, இரண்டாயிரம் பிறந்த பிறகு, நான் கிருஷ்ணகிரியில் குடியிருந்துகொண்டு கம்பெனி பஸ்ஸில் போச்சம்பள்ளிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கேயும் ஸ்டோர்தான். ஒருநாள் சாயங்காலம் வாசலில் புதிதாக வந்த செக்யூரிட்டி என் முன்னால் நின்றார். நீலச்சட்டை, தொப்பி, நரைத்த மீசை. ஷிப்ட் முடிந்து வெளியே போகிற ஒவ்வொருவரும் பையைத் திறந்து காட்டி, கையைத் தூக்கி நிற்க வேண்டும், அவர் சட்டைப்பை, இடுப்பு என்று தடவிப் பார்த்து அனுப்புவார். நான் பையைத் திறக்கப் போனேன். "ஸ்டோரு பைய நான் பாக்கறதா? போ, போ" என்றார். வெல்டரண்ணா! மேனேஜர்கள்கூடப் பையைத் திறந்து காட்டிய அந்த வாசலில், அன்று முதல் நான் ஒருவன் மட்டும் கையை வீசிக்கொண்டு போனேன். பஸ்ஸில் எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். பழைய கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முன்வாசல் இரும்புக் கேட்டின் கீல் விட்டுப்போய் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது. இரண்டு நிமிட வெல்டிங் வேலை. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். அதைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை.

அதற்கு அடுத்த வருடம் முதலாளியின் மகள் என்னைத் தேடிப்பிடித்தாள். முதலாளி காலமாகிவிட்டார், ஓசூர்க் கொட்டகை இடிபடப் போகிறது, அடுக்குமாடி வரப் போகிறது. அதற்குமுன் பதினேழு வண்டிகளின் சரித்திரத்தையும் எழுதி, படங்களோடு ஒரு புத்தகமாகப் போட்டு, மிச்சமிருக்கும் பொருள்களைப் பெங்களூரில் ஒரு அறையில் வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எந்த வண்டி எங்கே போனது, யார் ஓட்டினார்கள், யார் செய்தார்கள், இதெல்லாம் என் பதிவேடுகளில்தான் இருந்தது. "ஒண்ணு விடாம எழுதணும் அங்கிள். நல்லது கெட்டது ரெண்டும்" என்றாள். அப்பாவைப் போலவே கன்னடம் கலந்த தமிழ். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஓசூருக்குப் போய், அவளோடு உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து, அது என்ன என்று அட்டைச்சீட்டில் எழுதி நூலால் கட்டிக்கொண்டிருந்தேன். பதினான்காவது வண்டிக்கு நேரே அவள் அப்பாவின் குறிப்பைப் பார்த்து ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்: வெல்டு விட்டு விபத்து. பக்கத்தில் வெல்டரண்ணாவின் பெயர் இருந்தது.

மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, ஒரு சாக்குமூட்டையை அவிழ்த்து, "இது என்ன அங்கிள்?" என்று நீட்டினாள். அந்த ஒடிந்த கைதான். முதலாளி இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறார். வாங்கினேன். போச்சம்பள்ளியில் குழாய் வந்து இறங்கினால் உள்ளே விரல் விட்டுப் பார்ப்பது என் தினப்படி வேலையாகிவிட்டிருந்தது. அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், பிளந்த வாய்க்குள் விரலை விட்டேன். கோடு இருந்தது. கிழிசல் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கியிருந்தது. வெல்டு ஒரு பக்கம் அப்படியே, வைத்த நாளில் இருந்தபடி, கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

எழுந்து பழைய குழாய் அடுக்குக்குப் போனேன். மஞ்சள் தட்டில் துண்டுகள் துருப்பிடித்துக் கிடந்தன. ஒவ்வொன்றாக விரல் விட்டுப் பார்த்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ ஒரு துண்டு, அதே அளவு, ஒரு முனையில் மஞ்சள், உள்ளே கோடு. அப்போதுதான் அந்த மழைநாள் ஞாபகத்துக்கு வந்தது. தாங்கி செய்ய ஒரு சிவப்புக் குழாய் அறுக்க வேண்டியிருந்தது. ஆறு மீட்டர்க் குழாயின் சிவப்பு முனை ரம்பத்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. திருப்ப வேண்டுமானால் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய்த்தான் திருப்ப முடியும், வெளியே கொட்டுகொட்டென்று கொட்டியது. சிவப்பு முனையிலேயே அறுத்துவிட்டேன். மிச்சத்தைக் கைக்கு எட்டிய தட்டில் செருகிவிட்டு, அப்புறம் நிறம் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பேன். நிறம் அடிக்கவும் செய்தேன், சரக்குக் கணக்கெடுப்புக்கு முந்தின நாள். நிறம் இல்லாமல் நாலைந்து குழாய்கள் கிடந்தன. எது எந்தத் தட்டில் கிடந்ததோ அந்த நிறத்தை அடித்தேன். பதிவேட்டில் மொத்த எண்ணிக்கையும் சரியாக இருந்தது என்று சந்தோஷப்பட்டது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பையனைக் கொன்றது வெல்டு அல்ல, என் பிரஷ்.

துண்டை என் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த ஞாயிறு முதலாளி மகளிடம், குழாயில் கோளாறு, வெல்டில் இல்லை என்று ஒடிந்த கையைக் காட்டிச் சொன்னேன். அவள் விரலை விட்டுப் பார்க்கவில்லை, நான் சொன்னதை நம்பினாள். "எப்படி அங்கிள் அந்தக் குழாய் வந்திருக்கும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. "வந்த சரக்கிலேயே கலந்திருக்கலாம்மா" என்றேன்.  சொல்லிவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன். வெல்டரண்ணா தப்பித்தார், செத்தவனின் வீட்டாருக்கும் ஒரு பதில் கிடைத்தது, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் பழைய வரியை அடித்துவிட்டு, குழாய்ப் பொருளில் குறை, வெல்டிங்கில் குறை இல்லை என்று எழுதினாள். புத்தகம் அச்சாகி வந்தது. நல்ல வழவழப்புத் தாள். எனக்கு ஒன்றும் வெல்டரண்ணாவுக்கு ஒன்றுமாக இரண்டு அனுப்பினாள்.

அவருடைய புத்தகத்தையும் குழாய்த் துண்டையும் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். காகிதத்தில் இருப்பதை அவர் நம்ப மாட்டார், கோட்டைத் தொட்டால்தான் நம்புவார் என்று தெரியும். புறப்படும் முன் உப்புத்தாள் எடுத்து அந்த மஞ்சளைத் தேய்த்து எடுத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். ஒரு இழுப்பு இழுத்தேன். அதற்குமேல் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

டீ நேரத்தில் வாசல் அறைக்குப் போய், அந்தப் பக்கத்தைப் பிரித்து வாசித்துக் காட்டினேன். அவர் கையை நீட்டினார். குழாயைக் கொடுத்தேன். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். விரல் நின்றது.

"கோடு ஓடுது" என்றார்.

"ஆமாண்ணா."

"அப்ப என் வெல்டு நின்னுச்சு."

"நின்னுச்சுண்ணா. ஒடஞ்ச கைல பாத்தேன். இப்பவும் நிக்குது."

தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது. பிறகு அவர் குழாயைத் திருப்பி முனையைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உப்புத்தாள் கீறலைக் கட்டைவிரலால் தடவினார்.

"மஞ்சள் யாரு அடிச்சது?"

 வந்த சரக்கிலேயே என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அன்னிக்கு குழாயக் கூட்டுல வெக்கறப்ப வெரல வுட்டுப் பாக்க எனக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்? பாக்கல. ஏன் பாக்கல? மஞ்சள் இருந்துச்சு. நீ அடிச்ச மஞ்சள். அதுக்கு மேல நான் எதப் பாக்கறது?" குழாயை மேசையில் வைத்துவிட்டு, "இத அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

தலையசைத்தேன், இல்லை என்று.

"சொல்லு. எழுதச் சொல்லு. என் பேர இருவது வருசம் எழுதி வெச்சிருந்தாங்கல்ல."

குழாயை என்னிடமே கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் வழக்கம்போல வரிசையைத் தாண்டி வாசலுக்குப் போனேன். அவர் குறுக்கே கையை நீட்டினார். "பைய தெறங்க சார்" என்றார். சார் என்று அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. திறந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் பார்த்தார், குழாயை எடுத்து மேசைமேல் வைத்தார். "கைய தூக்குங்க." தூக்கினேன். சட்டைப்பை, இடுப்பு, கணுக்கால் வரைக்கும் தடவிப் பார்த்தார். பின்னால் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பிறகு வாசல் நோட்டைத் திறந்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பைப் துண்டு ஒன்று. மஞ்சள் பெயிண்ட். அதற்கு நேராக என் பெயர். என் முழுப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. "கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினார். போட்டேன்.

முதலாளி மகளுக்குப் போன் செய்யப் பத்து நாள் ஆயிற்று. மழைநாளிலிருந்து மஞ்சள் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தின் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "புத்தகம் எல்லாருக்கும் குடுத்தாச்சு அங்கிள். மறுபடி அச்சுப் போட்டா சேர்த்துடறேன்" என்றாள். நல்ல பெண், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மறுபதிப்பு வரவில்லை. வராது என்று எனக்கு அப்போதே தெரியும். போனை வைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது. வாசலில் அவரிடம் சொன்னேன், சொல்லிவிட்டேன் அண்ணா, ஆனால் புத்தகம் போய்விட்டது என்று. "கைய தூக்குங்க சார்" என்றார்.

ஓய்வு பெறும் வரைக்கும், இரண்டு வருடமும் சில மாதங்களும், வேலை நாள் ஒவ்வொன்றும் அப்படித்தான். கடைசி நாள் கழுத்தில் மாலையும் கையில் சுவர்க்கடிகாரமுமாக வந்து நின்றேன். நான் என்ன எதிர்பார்த்தேன் என்று சொல்லத் தேவையில்லை. அவர் கடிகாரப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார், மாலையை ஒதுக்கிவிட்டுச் சட்டைப்பையைத் தடவினார், போகலாம் என்று கையைக் காட்டினார். மறு வருடம் அவரும் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒருமுறை காவேரிப்பட்டினம் வரைக்கும் போனேன். கேட்டில் கட்டுக்கம்பி அப்படியே இருந்தது. உள்ளே ரேடியோ சத்தம் கேட்டது. கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆலைகளில் வாசல் நோட்டுகளை ஐந்தாறு வருடத்துக்குமேல் வைத்திருக்க மாட்டார்கள், பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவார்கள். அந்தக் குழாயும் என் பெயரும் சேர்ந்து எழுதப்பட்டிருந்த ஒரே பக்கம் இந்நேரம் எங்கேயோ கடலை மடித்துக் காற்றில் போயிருக்கும். அதனால்தான் இதை எழுதினேன். பதினான்காவது வண்டியின் முன்சக்கரக் கைக்குத் தப்பான குழாயைக் கொடுத்தவன் நான். வெல்டு நின்றது. இது அச்சில் வந்தால் ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் கொடுக்க வேண்டும். வாசலிலேயே நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வார், திறந்து காட்டுவேன்.

எழுதி முடித்துவிட்டுக் குழாயை எடுத்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் துருப்பிடித்துவிட்டது. உப்புத்தாள் கீறிய இடம் தவிர, மஞ்சள் கொஞ்சம்கூட உரியவில்லை. அவ்வளவு நன்றாக அடித்திருக்கிறேன்.